புறா பேச்சு மட்டும்

குழந்தைவேலுவுக்கு மங்கலத்தில் நெல் வயல் இருக்கிறது, கரும்புக் கொல்லை இருக்கிறது, வாய்த்துடுக்கான மனைவி தனக்கொடி இருக்கிறாள், மாடியில் கூண்டு நிறையப் புறாக்கள் இருக்கின்றன. இவற்றில் எதுவும் அந்த மனிதரைப் பெரிதாகப் படுத்தியதில்லை. கரும்பு காற்றில் சாய்ந்தால் நிமிர்த்திக் கட்டுவார். தனக்கொடி கத்தினால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். புறாவுக்குக் கழிச்சல் கண்டால் மருந்து கொடுப்பார். ஐம்பது வயதுக்கு மேல் அவர் உயிரை வாங்கியதெல்லாம் சட்டைப் பையில் கிடந்த போன்தான். அதற்குள் 'வில்லியனூர் பாகூர் புறா நண்பர்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதற்கு அவர்தான் அட்மின்.

யாரும் அவரைக் கெஞ்சிக் கூப்பிடவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். நல்லவாட்டில் ஒருவர் மாடியில் கால் வளையத்தோடு வழி தவறிய புறா இறங்கும். அது யாருடையது என்று கேட்க இடமில்லை. பாகூரில் ஒருவர் புறாவுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். கைவைத்தியம் தெரிந்தவர் மண்ணாடிப்பட்டில் இருப்பார். இவர்களையெல்லாம் ஒரே இடத்தில் கட்டிவைத்தால் எவ்வளவு நல்லது என்று குழந்தைவேலு நினைத்தார். நல்லதுதான். வைக்கோலையும் நெருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

குரூப்பின் நெற்றியிலேயே 'புறா பேச்சு மட்டும்' என்று எழுதி ஒட்டினார். அதில் அவர் பிடித்த பிடி உடும்புப் பிடி. காலை வணக்கம் போட்டால் அழித்தார். பிறந்தநாள் வாழ்த்தை அழித்தார். ஒருமுறை நல்லவாட்டு சுப்புராயன் பிள்ளையார் படம் ஒன்றைப் போட்டு, அது அழிந்து போனதும் போன் செய்து சண்டைக்கு வந்தார்.

"சாமி படம் போட்டா இன்னா வேலு தப்பு? நீ கோயிலுக்கே போவாதவனா?"

"போறன். போன வெள்ளிக்கிழம கூடப் போனன். ஆனா நீ இந்தப் படத்தப் போட்டா, நாளைக்கு ஒருத்தரு மெக்கா படத்தப் போடுவாரு. அதுக்கு ஒருத்தன் கை கூப்புவான், இதுக்கு ஒருத்தன் கூப்ப மாட்டான். எவன் எதுக்குக் கூப்பலன்னு ஒருத்தன் குந்திக்கினு கணக்கெடுத்துக்கினு இருப்பான். எனக்கு எதுக்குப்பா அந்த வம்பு? உன் பொட்டப் புறா முட்ட வெச்சுதா இல்லியா, அத்தச் சொல்லு."

சுப்புராயன் முட்டையைப் பற்றிச் சொன்னார். விஷயம் முடிந்தது. எல்லா விஷயமும் அப்படி முடிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அழிப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. அழித்த இடத்தில் 'அட்மின் குழந்தைவேலு இதை நீக்கினார்' என்று ஒரு வரி நிற்கும். பார்க்காதவர்களுக்கு அதைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறும். "இன்னாண்ணே அது, இன்னா போட்டிருந்தான்?" என்று ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடுவார்கள். மனிதர் வரப்பில் மடை திருப்பிக்கொண்டே, எதை யாரும் படிக்கக் கூடாது என்று அழித்தாரோ அதையே ஒவ்வொருவருக்கும் வாயால் விளக்குவார்.

"உனுக்கு மந்திரி உத்தியோகம் குடுத்தாங்களா, சம்பளமாவது தராங்களா?" என்று தனக்கொடி கேட்பாள். "கரும்பு வெட்டுக்கு எத்தினி ஆளு வேணும்னு கேட்டு மேஸ்திரி கூப்டறாரு, லைன் கெடைக்கல. யாரு வூட்டுப் புறாவோ தும்முச்சின்னா மட்டும் ஓடு."

தேர்தல் வந்தது. அழித்துத் தீராது என்று தெரிந்ததும் குழந்தைவேலு ஒரு தண்டனை கண்டுபிடித்தார். அரசியலோ மதமோ பேசுகிறவர் ஐந்து கிலோ கம்பு கொண்டுவந்து வில்லியனூரில் நிஜாமுதீன் பாய் கடையில் இறக்க வேண்டும். குரூப்பில் வசதியில்லாதவர்களின் புறாக்களுக்கு அது தீனி. யோசனை கேட்க அழகாகத்தான் இருந்தது. முதல் வாரமே கடை வாசலில் மூட்டை குவிந்துவிட்டது. ஒவ்வொருவரும் கம்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, வாங்கிய பாவத்தைத் தொலைத்த தெம்போடு மறுபடி ஆரம்பித்தார்கள். கடைசியில் பாகூர் தமிழ்க்குமரன் ஒருநாள் போன் செய்தான். பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிற பையன், சட்டைப் பையில் கட்சிக் கொடி எட்டிப் பார்க்கும்.

"அண்ணே, பாய் கடையில முழு மூட்ட எறக்கிட்டன். ஓட்டுப் போடற வரைக்கும் எனக்குத் தாங்குமில்ல?"

"இன்னாது தாங்கும்?"

"அதாண்ணே, அட்வான்சு. இனிமே நான் பேசிக்கலாமில்ல?"

குழந்தைவேலு போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தார். அன்றைக்கே அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். அதற்குள் தர்மத் தீனி தின்ற புறாக்கள் கொழுத்து, கைதட்டி விரட்டினாலும் கூரையை விட்டு எழும்பவில்லை. இப்படி ஒரு ஜனத்தைக் கட்டி மேய்க்க வேண்டும் என்று யார் தலையில் எழுதுவார்கள்?

நிஜாமுதீன் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்லியனூர் கடைத்தெருவில் தானியக் கடை, சுல்தான்பேட்டையில் வீடு. குழந்தைவேலுவுக்கு இளவட்டத்திலிருந்தே சிநேகம். இருவரும் சந்தித்தால் புறாவைத் தவிர வேறு பேச மாட்டார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, இலையில் சோறு ஆறிப்போக, புறாவின் இறக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள். பாய் வளர்ப்பதெல்லாம் உயரத்தில் நெடுநேரம் நிற்கும் ஜாதி. ஆனால் கோடைப் போட்டியில் அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஒரு வருடம் வல்லூறு அடித்தது, ஒரு வருடம் மழை, ஒரு வருடம் புறா பக்கத்து வீட்டு ஆண்டெனாவில் உட்கார்ந்துவிட்டது. இந்த வருடம் அவரிடம் சிலேட்டு என்று ஒரு புறா இருந்தது. சிலேட்டு நிறம், நீளமான இறக்கை, ஏறினால் இறங்க மனசே வராது அதற்கு.

அந்த வருடத்தோடு பாய் புறா வளர்ப்பதை விட்டுவிட வேண்டியிருந்தது. இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனதில், புறா எச்சத் தூசியும் இறகுத் தூசியும் நெஞ்சுக்குள் படிந்திருக்கிறது, கூண்டுப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "போட்டி முடியட்டும், எல்லாத்தையும் குடுத்துடறன்" என்று மனைவி நூருன்னிசாவிடம் சத்தியம் செய்துகொடுத்திருந்தார். இது குரூப்பில் யாருக்கும் தெரியாது. குழந்தைவேலுவுக்குத் தெரியும். போட்டிக் கோப்பை ஒரே ஒரு தடவை பாய் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் தன் வீட்டு விசேஷத்துக்கு வேண்டிக்கொள்வது போல வேண்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. விடிந்ததும் ஒவ்வொருவரும் அவரவர் மாடியிலிருந்து ஒரே ஒரு புறாவை ஏற்றிவிட வேண்டும். இருட்டுவதற்குள் அது அதே மாடியில் வந்து இறங்க வேண்டும். கடைசியாக இறங்குகிற புறாவுக்குக் கோப்பை. ஆனால் உயரப் போன புறா புள்ளியாகி, மேகத்தில் நுழைந்து, கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அது மேலேதான் பறக்கிறதா, அடுத்த ஊர்ப் பனைமரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறதா என்று எப்படித் தெரியும்? அதனால் மணிக்கு ஒரு தடவையாவது அது நடுவர் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் போட்டியிலிருந்து அவுட். வீட்டு ஆட்கள் பார்த்தது செல்லாது. ஏற்றிவிட்ட பிறகு புறாவுக்கு உரியவர் மாடிக்கே வரக் கூடாது. அவர் தலை தெரிந்தால் புறா இரை என்று நினைத்து இறங்கிவிடும்.

நடுவர் வேறு யாருமில்லை, போட்டியில் இருக்கும் இன்னொரு வீட்டு ஆள்தான். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். நல்லவாட்டு மீன்பிடிக்காரர் திருக்காஞ்சி மாடியில் உட்கார்ந்திருப்பார், வில்லியனூர் பாய் ஒருவர் பூரணாங்குப்பத்து மாடியில் உட்கார்ந்திருப்பார். காலையிலிருந்து அந்த வீட்டுச் சோறு, அந்த வீட்டு மோர், அந்த வீட்டுக் கூரை. யார் வீட்டுச் சோற்றைத் தின்கிறோமோ அவர் புறாவை நாள் முழுக்கச் சந்தேகப்பட வேண்டும். இதில் யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை. புறா கண்ணில் பட்டால் குரூப்பில் 'தெரிந்தது' என்று நடுவர் ஒரு வார்த்தை போடுவார். எல்லாரும் அதற்காகவே போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தமிழ்க்குமரன் ஒரு வீடியோ போட்டான். எங்கோ வடக்கே எடுத்தது. யாரோ யாரையோ அடிக்கிறார்கள், பின்னால் ஒரு குரல் மூச்சு வாங்கக் கத்துகிறது. அதற்குப் பதிலாக வில்லியனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் தமீம் அன்சாரி இன்னொரு வீடியோ போட்டான். அதிலும் யாரோ யாரையோ அடித்தார்கள், இந்தத் தடவை அடித்தவர்களும் அடி வாங்கியவர்களும் இடம் மாறியிருந்தார்கள். இத்தனைக்கும் தமீம் கொடுத்த சேவல் புறாதான் தமிழ்க்குமரன் வீட்டுக் கூண்டுக்கே ராஜா. அதெல்லாம் மறந்துபோய், "உங்க ஆளுங்க" என்று இவன் எழுத, "உங்க ஆளுங்க" என்று அவன் எழுதினான். அதுவரை அந்தக் குரூப்பில் 'உங்க ஆளுங்க' என்றால் பாகூர்க்காரர்கள் என்றோ வில்லியனூர்க்காரர்கள் என்றோதான் அர்த்தம்.

குழந்தைவேலு இரண்டையும் அழித்தார். இரண்டு பக்கமும் அவரைக் கடித்தது.

"எங்கள்த அழிச்சதுக்கப்புறந்தான் அவன்த அழிச்சீங்க. அவனுக்கு ஓரவஞ்சனையா?" என்றான் தமிழ்க்குமரன்.

"மொதல்ல போட்டவன வெளிய அனுப்பாம என்னியும் சேத்துத் திட்றீங்க. உங்களுக்கு அவங்கதான் முக்கியம்" என்றான் தமீம்.

"டேய், எனக்குப் புறாதான்டா முக்கியம்" என்று குழந்தைவேலு இருவரிடமும் தொண்டை கிழியச் சொன்னார். அதை இருவருமே நம்பவில்லை. பொதுவாக நிற்பவனை நம்புகிற காலம் மலையேறிவிட்டது.

சீட்டுக் குலுக்கியபோது விதி பல்லைக் காட்டியது. நிஜாமுதீன் பாய் மாடிக்கு நடுவராகத் தமிழ்க்குமரன் பெயர் வந்தது. "அந்தத் தெருவுல போயி நான் சோறு தின்ன மாட்டன்" என்று அவன் மறுத்துவிட்டான். வேறு ஆளை அனுப்பச் சொன்னால், போட்டியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் திடீரென்று வயலில் வேலை, கடையில் வேலை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. நடுவர் இல்லாவிட்டால் சிலேட்டு பறக்க முடியாது. குழந்தைவேலுவுக்கு வீட்டில் தனக்கொடியை விட்டால் வேறு ஆள் கிடையாது, அவளுக்குப் புறா ஏற்றத் தெரியாது. தான் நடுவராகப் போனால் தன் மாடியில் புறா ஏற்ற முடியாது. ஒரு ராத்திரி யோசித்துவிட்டுத் தன் புறாவைப் போட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"வருசம் பூரா தீனி போட்டு வளத்தது எதுக்கு? ஊரான் வூட்டு மாடியில மல்லாந்து படுக்கறதுக்கா?" என்று தனக்கொடி கேட்டாள்.

"பாய் வூடு ஊரான் வூடா?" என்றார்.

போட்டியன்று விடிகாலையில் அவர் எடுத்துப் போக அவள் மூக்குக் கண்ணாடி இரண்டையும் துடைத்து வைத்தாள்.

கண்ணாடி இரண்டு என்பதற்குக் காரணம் உண்டு. ஒன்று தூரத்துக்கு, ஒன்று படிக்க. தூரக் கண்ணாடி போட்டால் வானத்துப் புள்ளி தெரியும், போன் எழுத்து தெரியாது. படிக்கிற கண்ணாடி போட்டால் எழுத்து தெரியும், வானம் வெறும் கஞ்சித் தண்ணீராகத் தெரியும். ஒரே கண்ணாடியில் இரண்டும் பார்க்கிற மாதிரி வாங்கிக்கொள்ளச் சொல்லித் தனக்கொடி நெடுநாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுவடை முடியட்டும் என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

போட்டியன்று காலை சிலேட்டு பாயின் கையிலிருந்து எழும்பி, மசூதிக்கு மேலே ஒரு வட்டம், கோயில் கோபுரத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, ஏற ஆரம்பித்தது. பாய் கீழே இறங்கிப் போய்விட்டார். குழந்தைவேலு தண்ணீர்த் தொட்டி நிழலில் கோரைப் பாய் விரித்து மல்லாந்தார். நூருன்னிசா ஆப்பமும் பாயாவும் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, இந்தத் தடவையாவது எறங்காம நிக்குமா?"

"நிக்கும் தங்கச்சி. இது எறங்கற புறா இல்ல."

முற்பகல் முழுக்க எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சிலேட்டு அவ்வப்போது கண்ணில் பட்டது, குழந்தைவேலு கண்ணாடியை மாற்றிக்கொண்டு 'தெரிந்தது' என்று போட்டார், மறுபடி கண்ணாடியை மாற்றிக்கொண்டார். கீழே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாய், இருமலுக்கு நடுவில், "வேலு, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "தெரியுது பாய், நீ சும்மா இரு" என்று இவர் கத்தினார்.

உச்சி வெயிலில் மற்றவர்களின் புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. தொல்லையும் அப்போதுதான் ஆரம்பித்தது. புறா இறங்கிவிட்டவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் கையில் போன் இருக்கிறது. தமிழ்க்குமரன் புறா வெயில் தாங்காமல் சீக்கிரமே இறங்கிவிட்டது. அந்தக் கடுப்பில் அவன் பழைய வீடியோவுக்குத் தம்பி மாதிரி ஒன்றைத் தூக்கிப் போட்டான். தமீம் புறாவும் இறங்கியிருந்தது. அவனும் ஆரம்பித்தான். போன் குழந்தைவேலுவின் நெஞ்சின் மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஒருநாள் சண்டை போட்டுக்கொள்ளட்டும் என்று கவிழ்த்து வைத்திருக்கலாம். ஆனால் உடும்புப் பிடிக்காரர் ஆயிற்றே! எழுந்து உட்கார்ந்து, படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றை அழித்தார். இரண்டு வந்தது. அதை அழிப்பதற்குள் வேறு யாரோ புகுந்து, செத்துப்போன தலைவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சாட்சி வைத்தார்கள். 'தம்பிகளே இன்று போட்டி நாள்' என்று ஒற்றை விரலால் தடவித் தடவி எழுத ஆரம்பித்தார். 'போட்டி' என்று அடித்தால் வேறு ஏதோ விழுந்தது. அதை அழித்துத் திரும்ப அடித்தார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. இந்தப் பயல்களுக்கு அறிவு என்று ஒன்று இருக்கிறதா, ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா என்று முனகிக்கொண்டே எழுதினார்.

"அண்ணே, தோ! தோ வந்துச்சி!" என்று நூருன்னிசா கூவினாள். காய்ந்த துணியை எடுக்க வந்தவள், கையில் துணியோடு அண்ணாந்து நின்றாள். "எவ்ளோ தாழ வந்துட்டு ஏறுது பாருங்க. பாத்தீங்கதான?"

குழந்தைவேலு தலையை நிமிர்த்தினார். கஞ்சித் தண்ணீர். கண்ணாடியைக் கழற்றி, மற்றதைத் தேடி, அது கோரைப் பாய்க்கு அடியில் போயிருந்தது, எடுத்து மாட்டுவதற்குள் வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

அதன்பிறகு அவர் கண்ணை இமைக்கவில்லை. கழுத்து மரத்துப்போனது. மேகம் ஒன்று வந்து தலைக்கு மேல் பந்தல் போட்டது. கடைசியாகப் பார்த்து ஒரு மணி நேரம் கடந்தது.

"தெரிஞ்சதுன்னு போடுங்கண்ணே" என்றாள் நூருன்னிசா. குரல் இறங்கியிருந்தது. "நான் பாத்தன் இல்ல? பொய்யா சொல்றன்? அல்லா மேல ஆணையா அது வந்துச்சி."

"வந்துச்சி தங்கச்சி. நீ பொய் சொல்ல மாட்ட."

"அப்பறம் இன்னா?"

"நான் பாக்கலியே."

அவளுக்கு அது விளங்கவில்லை என்றில்லை. அவள் துணியை மார்போடு கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். வானத்தில் மிச்சமிருந்தது இரண்டே புறாக்கள். ஒன்று சிலேட்டு. இன்னொன்று கரையாம்புத்தூர் இருசப்பனுடையது. இருசப்பன் யார் வம்புக்கும் போகாத மனிதர், கரும்பு வெட்டப் போகிறவர், அவருடைய நடுவர் மணி தவறாமல் 'தெரிந்தது' என்று போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போட்டால் பாய்க்குக் கோப்பை. யாருக்கும் தெரியாது. ஆனால் அப்போது இருசப்பனின் புறாவை ஏமாற்றியவர் யாராக இருக்கும்? கண்ணில் படாத ஒன்றைப் பட்டதாகச் சொன்ன நடுவர். இந்தக் குரூப்பில் வருகிற வீடியோக்களெல்லாம் வேறு எப்படி வருகின்றன? எவனோ ஒருவன் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லித்தானே.

கீழே போனார். பாய் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"பாய், புறா வந்துச்சி. தங்கச்சி பாத்துச்சி. நான் பாக்கல. போன்ல அந்தப் பசங்கள அதட்டிக்கினு இருந்தன்."

நிஜாமுதீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"போட்டியில இருந்து உன் புறாவ எடுத்துட்டு வந்தியே, எதுக்கு வந்த?" என்றார்.

"பாக்கத்தான்."

"அத்தான் கேக்கறன்."

குழந்தைவேலு வாசலிலேயே நின்று, ஒற்றை விரலால், 'சிலேட்டு அவுட். நான் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது' என்று போட்டார்.

உடனே தமீம் எழுதினான்: 'வேண்டுமென்றே செய்தது. வேறு யார் வீட்டுப் புறாவாக இருந்தால் தெரிந்திருக்கும்.' அது வலித்தது, ஆனால் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அடுத்து வந்தது. தமிழ்க்குமரன் தனியாக அனுப்பியிருந்தான்: 'அண்ணே சூப்பர். அவங்களுக்கு இப்படித்தான் வைக்கணும். நீங்க நம்ம ஆளுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.' கூடவே கைகூப்புகிற படம், புஜத்தை முறுக்குகிற படம்.

குழந்தைவேலு வாழ்நாளில் எத்தனையோ வசவு கேட்டிருக்கிறார். தனக்கொடியிடம் கேட்காத வசவா? அந்தப் பாராட்டைப் போல எதுவும் அவரைச் செருப்பால் அடித்ததில்லை. தன் கவனக்குறைவை ஒருவன் வீரமாக்கி மாலை போடுகிறான். இனிமேல் அந்தத் தெருவில் யார் முகத்தில் விழிப்பது? போனைப் பாயிடம் நீட்டினார். ஒளித்து வைக்க அவருக்குத் தெம்பில்லை.

பாய் படித்தார். முகம் சிவந்தது. தன் போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நிஜாமுதீன் பேசறன். எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தக் கொழந்தவேலு மாதிரி ஒரு கேடுகெட்ட ரெப்ரிய நான் பாத்ததே இல்ல. புறா பாக்கச் சொன்னா போன் பாக்கறான். குருட்டுக் கம்மனாட்டி. இவன மாடியில ஏத்தறதுக்குப் பதிலா ஒரு சோளக்கொல்ல பொம்மைய நட்டு வெச்சிருக்கலாம். என் புறாவ அவுட்டாக்கிட்டான். எனக்கு வயிறு எரியுது. ஆனா இது எனக்கும் அவனுக்கும் உள்ள சண்ட. புறா சண்ட. டேய் தமீமு, டேய் தமிழு, உங்க ரெண்டு பேருக்கும் சொல்றன். என் கோவத்துல எவனும் பங்கு கேட்டு வராதீங்க. பேசணும்னா ரூல பத்திப் பேசுங்க. ஒரு மணிக்கு ஒரு தடவைன்னு வெச்சிக்கிறீங்களே, மேகம் வந்தா ரெப்ரி இன்னா பண்ணுவான்? அத்தச் சொல்லுங்க."

இதைக் கேட்டு அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அதெல்லாம் இல்லை. ஆனால் பாய் கேட்ட கேள்வியை எந்தப் புறாக்காரனாலும் தாண்டிப் போக முடியாது. மேகம் வந்தால் மணிக் கணக்கை நிறுத்தி வைக்க வேண்டும் என்றான் ஒருவன். அப்படியானால் ஐப்பசியில் போட்டி வைத்துக்கொள், புறா ஊருக்கே போய்விட்டு வரும் என்றான் இன்னொருவன். ஒரு மாடிக்கு இரண்டு நடுவர் வேண்டும் என்றார் சுப்புராயன். நடுவருக்குக் கண் பரிசோதனை வேண்டும் என்று தமீம் எழுதினான். அது சரிதான், நடுவரிடம் போனே இருக்கக் கூடாது, குழந்தைவேலு அண்ணனை இனிமேல் எந்த மாடியிலும் ஏற்றக் கூடாது என்று தமிழ்க்குமரன் எழுதினான். அதற்குத் தமீம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

இத்தனை வருடம் அழித்தும் திட்டியும் கம்பு வாங்கியும் முடியாதது, அவர்கள் இரண்டு பேரையும் ஒரே பக்கம் நிற்க வைத்தது, கடைசியில் இவரைத் திட்டுவதில் நடந்தேறியது. குழந்தைவேலு ஒவ்வொன்றாகப் படித்தார். கண்மூடி நடுவர் என்று பேர் வைத்திருந்தார்கள். பகல் ஆந்தை என்று ஒருவன் எழுதியிருந்தான். அத்தனையும் புறா பேச்சு. எதையும் அழிக்க அவருக்கு உரிமை இல்லை.

போனைப் பாய் கையிலேயே கொடுத்துவிட்டு மாடிக்கு ஏறினார். அவுட் ஆனாலும் புறா இறங்கும்வரை நடுவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது முறை. மேகம் விலகியது. சிலேட்டு தெரிந்தது, ஒரு மிளகு அளவு, அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் சாய்ந்தது. கீழே இருசப்பனின் புறா இறங்கிவிட்ட சேதி வந்து, கோப்பை அவருக்கு என்று யாரோ சொல்வது கேட்டது. சிலேட்டு அதற்கப்புறமும் இறங்கவில்லை. மசூதியில் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு முடிந்து, வானம் மங்குகிற நேரத்துக்குத்தான் வட்டம் வட்டமாகத் தாழ்ந்து, கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து இறக்கையை மடித்தது.

"எறங்கிடுச்சி பாய்" என்றார் குழந்தைவேலு.

பாய் படியேறி வந்தார். வாயில் துண்டைக் கட்டியிருந்தார். புறாவை எடுத்து, இறக்கையை விரித்துப் பார்த்து, மார்பைத் தடவி, அலகில் தண்ணீர் காட்டினார். குழந்தைவேலு பக்கம் திரும்பவே இல்லை.

"பாய், ஒரு வார்த்த பேசு. நாலு திட்டாவது திட்டிடு."

"திட்டினனே, கேக்கலியா?"

"கேட்டன்."

"அது ஊருக்கு" என்றார் நிஜாமுதீன். "உனுக்கு இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்ல. ஒக்காரு."

குழந்தைவேலு கோரைப் பாயில் உட்கார்ந்தார்.